“பேஷண்ட் கோ-ஆபரேட் பண்ணல”

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கேஸ் புக் திருத்திட்டு இருந்தேன். ஜிஎன்எம்ங்கிற நர்சிங் டிப்ளமோ மூணாவது வருஷப் பிள்ளைங்க லேபர் வார்டு போஸ்டிங் முடிச்சிட்டு வந்து கொடுத்தது, மொத்தம் 42 புக்கு, ஹால்ல தரையில பரப்பி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துட்டு வந்தேன். எல்லாத்துலயும் அதே படம், அதே ஹெட்டிங், ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கு (கர்ப்பவாய் திறக்கிற கட்டம்) பச்சை ஸ்கெட்ச், செகண்ட் ஸ்டேஜுக்கு (முழுசாத் திறந்து குழந்தை பிறக்கிற கட்டம்) சிவப்புன்னு அடிக்கோடு போட்டு அழகா எழுதியிருந்தாங்க. நடுவுல ஒரு புக்குல ஒரு வரி. பேஷண்ட் கோ-ஆபரேட் பண்ணல, அதனால செகண்ட் ஸ்டேஜ் லேட் ஆச்சுன்னு எழுதியிருந்துச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்னால அடுத்த புக்கை எடுக்க முடியல. பேனாவை மூடி வச்சிட்டு எழுந்து போய் டீ போட்டேன், திரும்பி வந்து உக்காந்தாலும் கண்ணு அந்த வரியிலயே போய் நிக்குது. ஏன்னா 24 வருஷத்துக்கு முன்னாடி இதே வரியை நான் என் வாயால சொல்லியிருக்கேன், அதுவும் அந்தப் பொண்ணு காதுல விழுற மாதிரி.

மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். நல்லாப் படிக்கிற பொண்ணுதான். மெக்கானிசம் ஆஃப் லேபர், அதாவது குழந்தை இடுப்புக்குள்ள எப்படி இறங்கித் திரும்பி வெளிய வருதுன்னு சொல்லும்மான்னேன், தண்ணி மாதிரி கொட்டுச்சு. டிசென்ட், ஃப்ளெக்‌ஷன், இன்டர்னல் ரொட்டேஷன், கிரௌனிங், எக்ஸ்டென்‌ஷன், ரெஸ்டிட்யூஷன், எக்ஸ்டர்னல் ரொட்டேஷன், கடைசியா லேட்டரல் ஃப்ளெக்‌ஷன்ல உடம்பு வெளிய வருதுன்னு மூச்சு விடாம சொல்லி முடிச்சா. சரிம்மா, ஏன் திரும்புது, யார் திருப்புறாங்கன்னு கேட்டேன். “தானா திரும்பும் மேம்.” ஏன் தானா திரும்பணும்? பதில் இல்ல. மேஜை மேல இருந்த பெல்விஸையும் (இடுப்பெலும்பு மாடல்) துணிப் பொம்மையையும் அவ கையில கொடுத்து, குழந்தையோட பிடரி அம்மாவோட முதுகுப் பக்கம் இருக்குன்னு வச்சுக்க, இப்ப பிரசவம் பண்ணிக் காட்டுன்னேன். பொம்மையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தா, இடுப்பெலும்புல தலை மாட்டிக்கிச்சு, கொஞ்சம் அழுத்தினா, கழுத்துத் தையல் விட்டு உள்ள இருந்து பஞ்சு எட்டிப் பார்த்துச்சு. அந்தப் பொண்ணு பதறிப்போய் “சாரி மேம், சாரி மேம்”ங்கிறா. நான் திட்டல. அந்தப் பொம்மையை நானே பழைய தலையணைத் துணியில தைச்சது, அந்தக் கழுத்து அதுக்கு முன்னாடியும் பல தடவை விட்டிருக்கு.

கேஸ் புக்ல எழுதின அந்த வரிக்கும், பொம்மை கையில மாட்டிக்கிட்டு நின்ன அந்த நிமிஷத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னுதான் எனக்கு அன்னைலேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கு. உள்ள குழந்தை என்ன பண்ணிட்டு இருக்குன்னு தெரியாதவங்களுக்கு, வெளிய தெரியுற ஒரே ஆள் அந்த அம்மாதான். அப்ப தப்பும் அவ மேலதான் போய் விழும்.

கட்டிலை வாசக்கால்ல நுழைக்கிற வேலை

மெக்கானிசத்தை எட்டுப் பெயரா மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி மூணே மூணு நம்பரைப் பிடிச்சுக்கிட்டா போதும்னு நான் கிளாஸ்ல சொல்றது வழக்கம். பெல்விஸோட மேல்வாசல், அதாவது இன்லெட், குறுக்குவாட்டுல 13 சென்டிமீட்டர், முன்பின்னா 11தான். நடுவுல எந்தப் பக்கம் அளந்தாலும் 12, கிட்டத்தட்ட வட்டம். கீழ்வாசல் அப்படியே தலைகீழ், குறுக்க 11, முன்பின்னா 13. குழந்தையோட தலையோ ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குறுகல். அப்ப மேல நுழையும்போது நீளப்பக்கம் குறுக்க இருக்கணும், கீழ வெளிய வரும்போது அதே நீளப்பக்கம் முன்பின்னா இருக்கணும். புது வீட்டுக்குக் குடி போறப்ப கட்டிலைச் சாய்ச்சு, ஒரு காலை முதல்ல விட்டு, திருப்பி, வாசக்கால்ல நுழைப்போம்ல, அதே கதைதான். வித்தியாசம் என்னன்னா இங்க சாமான் தூக்குற ஆளு கிடையாது, கர்ப்பப்பை மேல இருந்து தள்ளுது, கீழ இருக்கிற தசை வழி காட்டுது, குழந்தை அதுக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சு கொடுக்குது.

ஃப்ளெக்‌ஷனும் அப்படித்தான். தாடை நெஞ்சுல ஒட்டுற மாதிரி தலை குனிஞ்சிருந்தா முன்னாடி வர்ற அளவு 9.5 சென்டிமீட்டர். நிமிர்ந்து நேராப் பார்த்த மாதிரி இருந்தா 11.5. இன்னும் அண்ணாந்து புருவம் முன்னாடி வந்தா 13.5, அந்த அளவுல சாதாரணமா வெளிய வரவே முடியாது. குனியுறதுல மட்டும் ரெண்டு சென்டிமீட்டர் மிச்சம். லேபர் ரூம்ல ரெண்டு சென்டிமீட்டர்னா எவ்வளவுன்னு அங்க நின்னவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் இன்டர்னல் ரொட்டேஷன். இடுப்போட அடித்தளம் தட்டையா இல்ல, முன்னாடி பார்த்துச் சரிஞ்ச ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கு, லெவேட்டர் ஏனைங்கிற தசைதான் அதுக்குத் தரை. எந்தப் பாகம் அந்தத் தரையை முதல்ல தொடுதோ அது முன்பக்கமா திரும்பும். தலை நல்லாக் குனிஞ்சிருந்தா பிடரிதான் முதல்ல தொடும், அதனால பிடரி முன்னாடி திரும்பி, முன்னாடி இருக்கிற எலும்பு வளைவுக்குக் கீழ வந்து ஒதுங்கும். அதுக்கப்புறம் வலி விட்டாலும் தலை உள்ள போகாது, அதுதான் கிரௌனிங். அங்கிருந்து தலை நிமிரும், நெத்தி, மூக்கு, வாய், தாடைன்னு வரிசையா வெளிய வரும். தலை திரும்பினப்ப தோள்பட்டை முழுசா கூடத் திரும்பலல்ல, அதனால கழுத்து முறுக்கிக்கிட்டு இருந்துச்சு, தலை வெளிய வந்ததும் அந்த முறுக்கு விடுபடும். அதுக்குப் பேர்தான் ரெஸ்டிட்யூஷன். பிறகு உள்ள தோள் திரும்ப, அதுகூடச் சேர்ந்து வெளிய தலை இன்னும் கொஞ்சம் அதே பக்கம் திரும்பும், முகம் அம்மாவோட தொடையைப் பார்த்து நிக்கும். இதுல எதுவுமே தனித்தனி ஸ்டெப் இல்ல. ஒரே அசைவு, நாம எழுதறதுக்காக எட்டா வெட்டி வச்சிருக்கோம்.

இதைக் கண்டுபிடிக்கவே எவ்வளவு காலம் ஆச்சுன்னு நினைச்சா ஆச்சரியமா இருக்கும். குழந்தை தலை பக்கவாட்டுல பார்த்துக்கிட்டுத்தான் இடுப்புக்குள்ள இறங்குதுன்னு 1742ல டப்ளின்ல ஃபீல்டிங் ஓல்ட்ங்கிற ஒரு மருத்துவர் எழுதினார். அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு லண்டன்ல வில்லியம் ஸ்மெல்லி இந்தச் சுழற்சி மொத்தத்தையும் விவரிச்சு எழுதினார், எலும்புக் கூட்டுக்கு மேல தோல் போர்த்தின மாடல் செஞ்சு வச்சுத்தான் பாடம் நடத்தினார். கிட்டத்தட்ட அதே காலத்துல பிரான்ஸ்ல ஆஞ்செலிக் து கூத்ரேன்னு ஒரு மருத்துவச்சி, ராஜாவோட உத்தரவோட ஊர் ஊராப் போய், துணியிலயும் பஞ்சுலயும் தைச்ச இடுப்பும் குழந்தையும் வச்சு கிராமத்துப் பொம்பளைங்க ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க தைச்ச மாதிரிப் பொம்மை ஒண்ணு இன்னிக்கும் ருவான் நகரத்து மியூசியத்துல இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பொண்ணுங்களுக்குக் கையால தொட்டுப் புரிய வைக்கணும்னு அந்தம்மா நினைச்சிருக்காங்க. நம்ம பிள்ளைங்களுக்கு எழுதப் படிக்க நல்லாவே தெரியும், நாம அதை மட்டுமே வச்சு ஓட்டிட்டு இருக்கோம்ங்கிறதுதான் என் வருத்தம்.

2001, நைட் டூட்டி

நான் ஸ்டூடண்டா இருந்தப்ப ஒரு அரசு ஆஸ்பத்திரில போஸ்டிங். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து வந்த பொண்ணு, தலைப்பிரசவம், இருபது வயசு இருக்கும். முந்தின நாள் ராத்திரியே வலி ஆரம்பிச்சிருக்கு. வீட்டுல சீரகக் கஷாயம் வச்சுக் கொடுத்துப் பார்த்திருக்காங்க, சூட்டு வலியா இருந்தா அடங்கிடும், பிரசவ வலியா இருந்தா கூடும்னு பெரியவங்க கணக்கு. கூடுச்சு. காலையிலயே பனிக்குடம் உடைஞ்சிருக்கு. எங்ககிட்ட வந்து சேரும்போது சாயங்காலம் ஆறு மணி, ஆஸ், அதாவது கர்ப்பவாய், 4 சென்டிமீட்டர் திறந்திருந்துச்சு. அவ வலின்னு சொன்னதே வயித்துல இல்ல, முதுகுல. “நர்சக்கா, முதுகைப் பொளக்குதுக்கா”ன்னு கையை மடக்கி இடுப்புக்குப் பின்னாடி குத்திக்கிட்டே இருந்தா. ஃபீட்டோஸ்கோப் வச்சுக் குழந்தையோட நெஞ்சுத் துடிப்பு தேடினேன், வழக்கமான இடத்துல கிடைக்கல, விலாப் பக்கமா ரொம்ப ஒதுங்கிப் போய்த்தான் கேட்டுச்சு. வயித்தைப் பார்த்தா தொப்புளுக்குக் கீழ லேசா சாசர் மாதிரி ஒரு பள்ளம். தொட்டா முன்னாடி எல்லாம் கையும் காலுமா முண்டு முண்டா தட்டுது, முதுகு கிடைக்கவே இல்ல. இதெல்லாம் நான் பார்த்தேன், கை வச்சுத் தொட்டேன். இது அத்தனையும் ஒரு விஷயத்தைத்தான் சொல்லுதுன்னு மட்டும் எனக்குத் தெரியல. புத்தகத்துல அந்த அறிகுறிகள் வேற சேப்டர்ல இருந்துச்சு.

பத்தரை மணி சுமாருக்கு அவ சொன்னா, “அக்கா, வெளிக்கி வர்ற மாதிரி இருக்குக்கா, அடக்க முடியல.” எனக்கு மூளையில பல்ப் எரிஞ்ச மாதிரி. பேரிங் டவுன் ஃபீலிங், அதாவது முக்கணும்ங்கிற உணர்வு, வந்தா செகண்ட் ஸ்டேஜ், அப்படித்தானே படிச்சிருக்கோம். அப்ப முக்கும்மான்னேன். அவ முக்கினா. வலி வர்றப்ப எல்லாம் முக்கச் சொன்னேன், தாடையை நெஞ்சுல வை, மூச்சைப் பிடி, கத்தாத, இன்னும், இன்னும்னு. கால் மணி, அரை மணி, முக்கால் மணி ஆகுது, தலை கீழ தெரியவே இல்ல. அவ உதடு காய்ஞ்சு வெடிச்சிருந்துச்சு. முடியலக்கான்னு கண்ணை மூடிக்கிட்டு ஒருக்களிச்சுப் படுக்கப் பார்த்தா. நான் அவ தொடையில பட்டுன்னு தட்டி நேராப் படுக்க வச்சேன். அந்த நேரம் பக்கத்து டேபிள்ல இருந்த ஸ்டூடண்ட் கிட்ட சத்தமாவே சொன்னேன், இவ கோ-ஆபரேட்டே பண்ண மாட்டேங்கிறாடின்னு. அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் வார்த்தை புரிஞ்சிருக்காது, ஆனா குரல்ல இருந்தது புரிஞ்சிருக்கும். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. எனக்கும் அப்ப இருபது வயசுதான்.

டெலிவரி ஒண்ணை முடிச்சிட்டு பெரிய சிஸ்டர் கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசாம வயித்தைப் பார்த்தாங்க, அந்தப் பள்ளத்து மேல உள்ளங்கையை வச்சாங்க. க்ளவுஸ் மாட்டி உள்ள விரல் விட்டு பிவி பார்த்தாங்க. “யாரு முக்கச் சொன்னது?” நான்தான் சிஸ்டர்னேன். “7 சென்டிமீட்டர்தான் இருக்கு. கர்ப்பவாயோட முன்பக்க விளிம்பு, லிப், வீங்கிப் போயிருக்கு. வா, நீயே பாரு.” பார்த்தேன். விரலுக்குத் தட்டுப்பட்டது டைமண்ட் மாதிரி ஒரு மெத்துன்னு இடம், நாலு கோடு வந்து சேருது, அதுவும் முன்பக்கமா. அந்த மெத்துன்னு இடம்தான் முன்னுச்சி, அது முன்னாடி இருந்தா பிடரி எங்க இருக்கும்னு கேட்டாங்க. பின்னாடி சிஸ்டர். “பின்னாடி இருக்கிற பிடரி எதை அழுத்தும்?” அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. மலக்குடலை அழுத்தும். அதனாலதான் கர்ப்பவாய் முழுசாத் திறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே அவளுக்கு வெளிக்கி வர்ற மாதிரி இருந்திருக்கு, அதனாலதான் முதுகு பொளந்துச்சு, அதனாலதான் வயித்துல பள்ளம், அதனாலதான் நெஞ்சுத் துடிப்பு விலாவுல. அவ உடம்பு ஆறு மணியிலேர்ந்து எங்கிட்ட அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நான் திறக்காத கதவுல அந்தக் குழந்தை தலையை வச்சு முக்கால் மணி நேரம் மோத வச்சிருக்கேன்.

“குழந்தை இன்னும் திரும்பல. அது எட்டுல மூணு பங்கு வட்டம் சுத்தி வரணும், மத்த குழந்தைக்கு எட்டுல ஒரு பங்குதான். நேரம் கொடு”ன்னாங்க சிஸ்டர். டூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாங்க, அவரும் பார்த்துட்டு அம்மா குழந்தை ரெண்டும் நல்லா இருக்கு, பார்த்துக்கிட்டே இருங்கன்னு சொன்னார். அப்புறம் சிஸ்டர் செஞ்சது எதுவுமே எனக்குப் பாடத்துல வரல. அவளை ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க, அவ முக்கால் மணிக்கு முன்னாடி தானா படுக்கப் பார்த்த அதே பக்கம். மூத்திரப்பை நிறைஞ்சிருக்கான்னு பார்த்து மொதல்ல அதைக் காலி பண்ண வச்சாங்க. முக்கணும் போல இருந்தா முக்காத, சூடான டீயை ஊதுற மாதிரி ஊதும்மான்னு சொல்லிக் கொடுத்தாங்க. கொஞ்ச நேரம் மண்டி போட்டுக் கட்டில் விளிம்பைப் பிடிச்சுக் குனிஞ்சு இருக்க வச்சாங்க, அப்படி இருந்தா குழந்தை கட்டாயம் திரும்பிடும்னு இன்னிக்கு வரைக்கும் நிரூபணம் ஆகல, ஆனா முதுகுவலி குறையும்ங்கிறதை நான் அன்னைக்குக் கண்ணால பார்த்தேன். வெளிய பெஞ்சுல தூக்குச்சட்டியோட உக்காந்திருந்த அவ அம்மாவை உள்ள கூப்பிட்டாங்க. அங்க அப்ப கூட ஆள் விடுற வழக்கமே இல்ல. அந்தம்மா வந்து “ஆத்தா, நான் இருக்கேன்டி”ன்னு இடுப்புல உள்ளங்கையால அழுத்தித் தேய்ச்சு விட்டாங்க. எனக்கு ஒரு வேலைதான் கொடுத்தாங்க, அரை மணிக்கு ஒரு தடவை நெஞ்சுத் துடிப்பு கேளு, அது நகருதான்னு பாருன்னு. பன்னிரண்டு மணிக்கு விலாவுல கேட்டது. ஒன்றரைக்குக் கொஞ்சம் முன்பக்கமா நகர்ந்து கேட்டது. ரெண்டரைக்கு இன்னும் நடு வயித்தை நோக்கி. ஒரு இடத்துல உக்காந்துக்கிட்டு, ஒரு குழந்தை திரும்புறதை நான் காதால கேட்டேன்.

மூணு மணிக்குக் கர்ப்பவாய் ஃபுல்லாத் திறந்துடுச்சு. இப்ப முக்கச் சொல்லவே தேவைப்படல, அவளே முக்கினா. நாலு மணி தாண்டி தலை தெரிஞ்சுச்சு, பிடரி மேல, முகம் கீழ, எல்லாரையும் போலவே. வெளிய வந்ததும் நான் அவசரப்பட்டுக் கையை நீட்டினேன், சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்தி, “பாரு, திருப்பாத, பாரு”ன்னாங்க. அந்தத் தலை, நனைஞ்ச முடியோட, யாரும் தொடாம, மெதுவா வலது தொடைப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்துச்சு.

மணிக்கணக்கு யாருக்காக

வலி நேரத்தைக் கோடு போட்டு அளக்குற பழக்கம் 1950கள்ல ஃபிரைட்மேன்ங்கிற அமெரிக்க டாக்டர் 500 தலைப்பிரசவங்களைக் கிராஃப்ல போட்டுப் பார்த்ததுல ஆரம்பிச்சுச்சு. 1972ல ஃபில்பாட், காசில்னு ரெண்டு பேர் இன்னைக்கு ஜிம்பாப்வேன்னு சொல்ற நாட்டுல அதுல அலர்ட் லைன்ங்கிற எச்சரிக்கைக் கோடு, அதைத் தாண்டினா செயல்படணும்ங்கிற ஆக்‌ஷன் லைன் சேர்த்தாங்க. அது எதுக்குன்னா, டாக்டர் இல்லாத சின்ன மையத்துல இருக்கிற மருத்துவச்சி எப்ப பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு தெரிஞ்சுக்க. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி தனியா நிக்கிற ஸ்டாஃப் நர்ஸுக்கும் அது உயிர் காக்கிற பேப்பர்தான், அதை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். ஆனா காலப்போக்குல அந்தக் கோடு அனுப்புறதுக்கான கோடா இல்லாம, அவசரப்படுத்துறதுக்கான கோடா ஆகிப்போச்சு. மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்கலன்னா உடனே டிரிப்பை ஏத்து, வயித்தை அமுக்கு, கத்தியை எடு. 2018ல உலக சுகாதார நிறுவனம் தெளிவாவே சொல்லிடுச்சு, ஆக்டிவ் ஃபேஸ், அதாவது கர்ப்பவாய் வேகமாத் திறக்கிற கட்டம், 5 சென்டிமீட்டர்ல இருந்துதான், மணிக்கு 1 சென்டிமீட்டர்ங்கிறது சில பெண்களுக்குப் பொருந்தாது, அதை மட்டும் வச்சு எதையும் பண்ணாதீங்கன்னு. தலைப்பிரசவத்துல ஆக்டிவ் ஃபேஸ் 12 மணி நேரம் வரைக்கும் போகலாம், முழுசாத் திறந்த பிறகு குழந்தை பிறக்க 3 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். வயித்தை மேல இருந்து அமுக்கித் தள்றதைச் செய்யவே கூடாதுன்னும் அதுலயே இருக்கு. 2020ல வந்த புது லேபர் கேர் கைடுல அந்தப் பழைய அலர்ட் லைனே கிடையாது. அதுக்குப் பதிலா அந்தச் சார்ட்டோட ஆரம்பத்துலயே இருக்கிறது என்ன தெரியுமா, கூட ஆள் இருக்காங்களா, வலி குறைக்க ஏதாவது செஞ்சீங்களா, குடிக்க ஏதாவது கொடுத்தீங்களா, எப்படிப் படுத்திருக்காங்க. எங்க பெரிய சிஸ்டர் அன்னைக்கு ராத்திரி செஞ்ச மாதிரியே அச்சுல இருக்கு. முதல் தடவை அந்தச் சார்ட்டைப் பார்த்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பிரசவத்துல கூட ஒரு ஆள் இருக்கலாம்னு 2016ல மத்திய சுகாதார அமைச்சகமும் சொல்லிடுச்சு, இன்னமும் இடம் இல்ல, கூட்டம்னு வாசல்லயே நிறுத்துற இடங்கள் இருக்கு.

அப்ப எல்லாத்துக்கும் சும்மா காத்துட்டே இருக்கணுமான்னு பிள்ளைங்க கேப்பாங்க. இல்ல. காத்திருக்கிறதுன்னா கையைக் கட்டிட்டு நிக்கிறது இல்ல. முதல் கட்டத்துல அரை மணிக்கு ஒரு தடவையாவது, ரெண்டாவது கட்டத்துல 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை குழந்தையோட துடிப்பைக் கேக்கணும், 10 நிமிஷத்துல எத்தனை வலி, ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம்னு வயித்துல கை வச்சு எண்ணணும், பனிக்குடத் தண்ணி என்ன கலர்னு பாக்கணும். துடிப்பு குறைஞ்சாலோ தண்ணி பச்சையா வந்தாலோ தலை ஒரே இடத்துல நின்னாலோ அந்த நிமிஷமே டாக்டருக்குச் சொல்லணும். பிடரி பின்னாடி இருக்கிற எல்லாக் குழந்தையும் திரும்பிடாது, பெரும்பாலானது திரும்பும், சிலது வானத்தைப் பார்த்துக்கிட்டே பிறக்கும், சிலதுக்கு ஆபரேஷன் வேண்டி வரும். எதுன்னு முடிவு பண்றது அந்த அம்மா கோ-ஆபரேட் பண்றாளா இல்லையாங்கிறது இல்ல.

எல்லாரும் கிளம்பின பிறகு

குழந்தை அழுதுடுச்சுன்னா ரூம்ல இருக்கிற அத்தனை பேர் கண்ணும் அது மேல போயிடும். ஆணா பொண்ணா, எத்தனை கிலோ, கொடி சுத்தியிருந்துச்சா, சுத்தியிருந்தா மாமனுக்கு ஆகாதாமே, இப்படி. ஆனா ஒரு நர்ஸ் அம்மா பக்கம் திரும்ப வேண்டிய நேரமே அப்பத்தான். மாசம் நிறைஞ்ச கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடும். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்கும், நஞ்சு, அதாவது பிளாசென்டா, ஒட்டியிருந்த இடமும் சுருங்கும், நஞ்சு சுருங்காது, அதனால பிரிஞ்சு வரும். திடீர்னு கொஞ்சம் ரத்தம், வெளிய தெரியுற கொடி நீளமாகும், கர்ப்பப்பை உருண்டு கெட்டியாகி மேல ஏறும், அதுதான் அறிகுறி. ஒண்ணு மேல ஒண்ணா குறுக்கும் நெடுக்குமாப் பின்னியிருக்கிற தசை இறுகி, நடுவுல போற ரத்தக்குழாயை முடிச்சுப் போட்ட மாதிரி நெரிச்சு நிறுத்திடும். அந்தப் பின்னல் சோர்ந்து போனா ஒரு பொண்ணு எவ்வளவு சீக்கிரம் கையை விட்டுப் போயிடுவாங்கிறதை நான் பார்த்திருக்கேன், அதைப் பத்தி இங்க எழுத மனசு வரல. அதனாலதான் குழந்தை பிறந்து ஒரு நிமிஷத்துக்குள்ள ஆக்ஸிடோசின் 10 யூனிட் தொடையில போடச் சொல்றோம். பிரியறதுக்கு முன்னாடி கொடியைப் பிடிச்சு இழுத்துடாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிறோம்.

நஞ்சு வந்த பிறகு அம்மாவைக் கவனிக்கிற நேரத்துக்கு நாலாவது கட்டம்னு புத்தகத்துல அரைப் பக்கம்தான் இருக்கும், பரீட்சையில ரெண்டு மார்க். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை வயித்துல கை வச்சு கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியா இருக்கான்னு பாக்குறது, கீழ துணியை எடுத்து எவ்வளவு நனைஞ்சிருக்குன்னு பாக்குறது, நாடி, பிரஷர், மூத்திரம் போனாளா. அந்த ராத்திரி அந்த வேலை எனக்குத்தான். அஞ்சு மணிக்கு அவ வயித்துல கை வச்சிருந்தேன். குழந்தை அவ நெஞ்சு மேல படுத்துச் சீம்பால் குடிக்கப் பழகிட்டு இருந்துச்சு. நான் மன்னிப்புக் கேக்கல, எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல. காலைல டீ வாங்கியாறட்டுமான்னு மட்டும் கேட்டேன். “வேணாங்க்கா, நீங்களும் ராத்திரி முழுக்க நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க”ன்னா. அந்தத் தொடையில என் கை பட்ட இடத்துல அடையாளம் எதுவும் இல்ல, நான் பார்த்தேன்.

அந்தக் கேஸ் புக்கைத் திருப்பிக் கொடுத்தப்ப அந்த வரியை நான் அடிக்கல. பக்கத்துல பென்சிலால, வயிறு எப்படி இருந்துச்சு, துடிப்பு எங்க கேட்டுச்சு, உச்சி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு மூணு கேள்வி எழுதி, அவளுக்கு எங்க வலிச்சதுன்னு நாலாவதா ஒண்ணும் சேர்த்துக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து, மேம், முதுகுலதான் வலின்னு சொன்னாங்க மேம், நான் எழுதல, அது முக்கியம்னு தெரியலன்னா. மத்த மூணுக்கும் அவளுக்குப் பதில் ஞாபகம் இல்ல. இந்தத் தடவை பரீட்சைக்கு முன்னாடி ஒவ்வொரு பேட்சுக்கும் பெயர்ப் பட்டியலைச் சொல்லவே விடாம பொம்மையை மட்டும் கையில கொடுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கேன், பிடரி பின்னாடி இருந்து ஆரம்பிச்சு. பொம்மைத் தலையில மார்க்கரால முன்னாடி டைமண்ட், பின்னாடி முக்கோணம் புதுசா வரைஞ்சாச்சு. முதல் பேட்ச் முடியறதுக்குள்ளயே கழுத்து மறுபடி விட்டுடுச்சு. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ரெண்டாவது பேட்ச், அதுக்குள்ள ரெட்டை நூல் போட்டு இறுக்கித் தைக்கணும், திரும்புறதுக்குக் கொஞ்சம் தளர்வும் விட்டு.